நெஞ்சைத் தொடும் உரிமை

பானை வாங்கச் செல்பவர் தட்டிப் பார்த்து வாங்குகிறார். பொன் வாங்குபவர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார். மாடு பிடிக்கப் போனவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். ஆனால், நெஞ்சுத் துடிப்பு நிலை தடுமாறிய ஒருவர், தொடையின் குருதிக்குழாய் வழியே நீண்ட கம்பியொன்று தம் இதயத்துக்குள் நுழைவதற்கு ஒப்புதல் தந்து, கையெழுத்தும் இட்டு, கண்மூடிப் படுக்கிறாரே, அவர் எதைத் தட்டிப் பார்த்தார்? எதை உரைத்துப் பார்த்தார்? மருத்துவர் அறைச் சுவரிலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் ஒரு தாளைப் பார்த்தார். அவ்வளவே! அதனை முழுதும் படித்தாரா என்பதும் ஐயமே.

அந்தத் தாளுக்குப் பொருள் என்ன? அதனை வழங்குவோர் யார்? ஒரு மனிதனின் நெஞ்சைத் தொடும் உரிமையை மற்றொரு மனிதனுக்கு ஒரு தாள் தந்துவிட இயலுமா? தருமாயின், எத்தனை காலத்துக்கு? மருத்துவர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுக்கிவிடக் கூடிய கேள்விகள் அல்ல இவை. படுக்கையில் கிடப்பவனுக்கு அந்தத் துறை தெரியாது, நிற்பவருக்குத் தெரியும். தெரியாதவன் தெரிந்தவரிடம் தன்னையே ஒப்படைக்கும் இடம் அது. அந்த இடத்தில் நியாயம் எது என்பதே கேள்வி. இக்கேள்வியை நெடுநாள் வாதாடி, வழக்குமன்றம் வரை கொண்டுசென்ற நாடு அமெரிக்கா. ஆகவே அந்நாட்டு வரலாற்றைக் கொண்டே இதனை எண்ணிப் பார்ப்போம்.

இதயம் தசையால் ஆனது. அத்தசையை ஆட்டுவிப்பது மின்னோட்டம். 1906 ஆம் ஆண்டு சுனாவோ தவாரா எனும் ஜப்பானியர், இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்னோட்டம் கடந்து செல்லும் கணுவைக் கண்டறிந்தார். மறு ஆண்டே ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் எனும் பிரித்தானியர் இருவர் துடிப்பு பிறக்கும் கணுவைக் கண்டு சொன்னார்கள். அம்மின்னோட்டத்தைத் தாளில் கோடாக வரையும் கருவியைச் செம்மை செய்த டச்சுக்காரர் ஐந்தோவனுக்கு 1924 இல் நோபல் பரிசு கிடைத்தது. 1958 அக்டோபர் 8 ஆம் நாள், சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் முதல் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. அது சில மணி நேரத்திலேயே நின்றுபோயிற்று; மற்றொன்றை வைத்தார்கள். அவரோ வாழ்நாளில் 26 கருவிகளை மாற்றி மாற்றி அணிந்து, தமக்கு அறுவை செய்த செனிங்கையும், கருவி செய்து தந்த பொறியாளர் எல்ம்குவிஸ்டையும் விஞ்சி வாழ்ந்து, 2001 இல் தம் 86 ஆம் வயதில் மறைந்தார். 1980 இல், நின்றுபோகும் இதயத்தை உள்ளிருந்தே அதிர்ச்சி தந்து எழுப்பும் டிஃபிப்ரிலேட்டர் கருவி வந்தது. 1982 இல், குழாய் வழியே சென்று பிழையான மின்வழியைச் சுட்டு அழிக்கும் முறையை மனிதரிடம் கையாளத் தொடங்கினர்.

எண்ணிப் பாருங்கள்! காலமெல்லாம் நாடி பிடித்துப் பார்க்க மட்டுமே தெரிந்திருந்த கை, ஒரு தலைமுறைக்குள் நெஞ்சத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அழிக்க வேண்டிய பிழைவழிக்கும் காக்க வேண்டிய இயல்வழிக்கும் இடையே சில வேளைகளில் சில மில்லிமீட்டர் இடைவெளியே உண்டு. அங்கே கை தவறினால், நோயாளி வாழ்நாள் முழுதும் பேஸ்மேக்கரை நம்பி இருக்க வேண்டியவராகிறார். இத்தகைய வேலையை எவர் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட முடியுமா?

அமெரிக்காவில் மருத்துவம் செய்ய உரிமம் வழங்குவது மாநில அரசு. அவ்வுரிமம் அகன்றது, இந்த உறுப்பு, இந்த நோய் என்று வரம்பு கட்டுவதில்லை. தோல்நோய்க்கு மருந்தெழுதுவதற்கும் அதே உரிமம்; இதயத்துக்குள் கம்பி செலுத்துவதற்கும் அதே உரிமம்! இக்குறையை நிரப்பத் துறைதோறும் தேர்வு வாரியங்கள் எழுந்தன. 1933 இல் அவற்றுக்கு ஒரு கூட்டமைப்பும், 1936 இல் உள்மருத்துவ வாரியமும் தோன்றின. 1992 இல் அவ்வாரியம் இதயத் துடிப்பு மருத்துவத்துக்கென்று தனித்தேர்வு வைத்துத் தனிச்சான்று வழங்கத் தொடங்கிற்று. இன்று அச்சான்றை நாடுபவர், மருத்துவக் கல்லூரியை முடித்த பின்னர் உள்மருத்துவத்தில் 3 ஆண்டு, இதய மருத்துவத்தில் 3 ஆண்டு, துடிப்புத் துறையில் 2 ஆண்டு பயில வேண்டும், பிறகே தேர்வு.

இச்சான்றைப் பெறுவது மருத்துவரின் விருப்பம் என்கிறது ஏடு. நடப்போ வேறு. பல மருத்துவமனைகள் சான்றில்லாதவருக்குக் கதவைத் திறப்பதில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் பல, தம் பட்டியலில் அவர் பெயரைச் சேர்ப்பதில்லை. ஆற்றைக் கடப்பது உன் விருப்பம், ஆனால் ஓடம் இது ஒன்றே என்று சொல்வது போன்ற விருப்பம் அது.

சரி, அந்தத் தாளால் பயன் உண்டா? ஊகமாகப் பேச வேண்டியதில்லை, எண்களே உள்ளன. டிஃபிப்ரிலேட்டர் கருவி பொருத்தப்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டிய தேசியப் பதிவேட்டிலிருந்து 1,11,293 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2009 இல் வெளிவந்தது. பொருத்திய மருத்துவர்களை அவரவர் பெற்ற சான்றின்படி பிரித்துப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு மருத்துவர்கள் பொருத்தியவர்களில் நூற்றுக்கு 3.5 பேருக்குச் சிக்கல் நேர்ந்தது. பிற இதய மருத்துவர்களிடம் அது 4.0, மார்பறுவை மருத்துவர்களிடம் 5.8. இந்த வேறுபாடு அற்பமா? 3.5 க்கும் 4.0 க்கும் இடையே உள்ளது இருநூறு பேருக்கு ஒருவர். அந்த ஒருவர் நம் தாயாகவோ மகனாகவோ இருப்பின், அற்பம் என்று சொல்ல நாவெழுமா?

எனவே தாள் வெறுந்தாள் அன்று. பயிற்சிக்கும் பழக்கத்துக்கும் அது ஓரளவு சாட்சி. ஆனால் இங்கேயே நின்று கைதட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. அதே பதிவேட்டிலிருந்து 2011 இல் மற்றோர் ஆய்வு வந்தது. 1,11,707 பேருக்குப் பொருத்தப்பட்ட கருவிகளில் 25,145, மருத்துவ வழிகாட்டு நெறிகள் கேட்கும் சான்றாதாரம் இல்லாமல் பொருத்தப்பட்டவை! நூற்றுக்கு 22.5. இதயத் துடிப்பு மருத்துவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தாலோ, நூற்றுக்கு 20.8. பிறரைவிடக் குறைவே. எனினும் ஐந்தில் ஒன்று! அவற்றுள் சிலவற்றுக்குத் தக்க காரணம் இருந்திருக்கலாம். நெறிநூல் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் முன்கூட்டி அறிய முடியாது. அத்தனைக்கும் அவ்வாறு இருந்திருக்குமா?

அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் ஒரு விதி வகுத்திருந்தது. மாரடைப்பு வந்து 40 நாட்களும், அடைப்பு நீக்கும் சிகிச்சையோ மாற்றுவழி அறுவையோ நடந்து 90 நாட்களும் கடக்கும் முன், பொதுவாக இக்கருவியைப் பொருத்தலாகாது என்பது அவ்விதி. ஏன்? பொறுத்திருந்தால் இதயம் தானே தேறக்கூடும், கருவியே வேண்டியிராது. கருவியின் விலையோ ஏறத்தாழ 25,000 டாலர். அவ்விதி மீறப்பட்டது என்னும் குற்றச்சாட்டின் பேரில், 457 மருத்துவமனைகள் 25 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை அரசுக்குச் செலுத்தி முடித்துக்கொண்டதாக 2015 அக்டோபரில் அந்நாட்டு நீதித்துறை அறிவித்தது.

40 நாள் காத்திருக்க வேண்டும் என்பதைத் தேர்வுத் தாளில் கேட்டால், எந்த மருத்துவரும் சரியான விடையையே எழுதுவார். விடை தெரியாமல் நேர்ந்த பிழைகளா இவை? தெரிந்திருப்பது ஒன்று, தெரிந்தபடி நிற்பது வேறொன்று. கையை எங்கே வைக்க வேண்டும் என்பதைத் தேர்வு கேட்கும். கையை எப்போது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் கேட்கும். எடுத்துக்கொள்வாரா என்பதை அது எங்ஙனம் அறியும்? அறிவுக்குச் சான்று தரலாம். திறனுக்கும் ஓரளவு தரலாம். நேர்மைக்கு முன்கூட்டிச் சான்று தர எந்த வாரியத்தாலும் ஆகாது. அது நாள்தோறும் செயலால் எழுதப்பட்டு, நாள்தோறும் பிறர் கண்ணில் பட வேண்டியது.

இனி, “சான்றாவது தேர்வாவது! அனுபவமே ஆசான், இருபது ஆண்டு பழகிய கைக்கு ஏட்டுத் தேர்வு எதற்கு?” என்று கேட்போர் உளர். அவர்கட்கு விடையாக ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இடையிடையே பிசகுத் துடிப்புகள் தோன்றுவதுண்டு. அத்துடிப்புகள் மிகுந்தவர்களுக்குச் சாவும் மிகுதி என்பது தெரிந்திருந்தது. ஆகவே பிசகுத் துடிப்பை அடக்கினால் சாவையும் தடுக்கலாம் என்று எண்ணினார்கள். என்கைனைடு, ஃபிளெகைனைடு எனும் மருந்துகள் அத்துடிப்பை அடக்கின. மருத்துவர் மருந்து கொடுத்தார், கோட்டுப் படத்தில் பிசகு மறைந்தது, மருத்துவர் மகிழ்ந்தார், நோயாளியும் நன்றி சொன்னார். அனுபவம், “சரி, சரி” என்றே சொல்லிற்று.

பின்னர் ஒரு சோதனை நடத்தினார்கள். 755 பேருக்கு அம்மருந்துகள். 743 பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 1989 இல் சோதனையை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. சராசரியாகப் பத்து மாதங்களில், வெறும் மாத்திரை உண்டவர்களில் இறந்தோர் 26. மருந்து உண்டவர்களில் இறந்தோர் 63. பிசகுத் துடிப்பு அடங்கிற்று. உடன் இதயமும் அடங்கிற்று!

அன்றைய மருத்துவர்கள் அறிவிலிகளா? அல்லர். நெஞ்சறிய நோயாளிக்குக் கேடு நினைத்தவர்களா? அல்லர். தம் காலத்து அறிவைக் கற்றுத் தேர்ந்தவர்கள். அந்த அறிவே பிழையாயிருந்தது. அனுபவத்தால் அப்பிழையைக் காண முடியவில்லை; மருந்து உண்டவர் இறந்தபோது, “பழைய நோய் கொன்றது” என்றே அது சொல்லியிருக்கும். ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிதான் உண்மையைக் காட்டிற்று. 1985 இல் தேர்வு எழுதித் தேறிய ஒருவர், அத்துடன் புத்தகத்தை மூடிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1995 இலும் அவர் சுவரில் அதே தாள்; அதே பொன்னெழுத்து. ஆனால் அத்தாள் எந்த அறிவுக்குச் சான்று? கைவிடப்பட்ட அறிவுக்கு! ஆகவே, சான்றிதழுக்கு நாள் குறிக்கப்பட வேண்டும். அறிவு புதுப்பிக்கப்படும்போது அதுவும் புதுப்பிக்கப்பட வேண்டும். இதனை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.

உள்மருத்துவ வாரியமும் இதனை உணர்ந்தது. 1990 முதல், தான் வழங்கும் சான்று பத்தாண்டுக்கே செல்லும் என்றது. நன்று! ஆனால் 1990 க்கு முன் தேறியவர்கள்? அவர்களுடைய சான்று வாழ்நாள் முழுதும் செல்லும் என்று விட்டுவிட்டது. 1992 இல் பிறந்த இதயத் துடிப்புச் சான்றுக்குத் தொடக்கம் முதலே தவணை உண்டு. அதற்கு அடித்தளமான இதய மருத்துவச் சான்றிலோ, 1989 இல் தேறியவர் வாழ்நாள் உரிமையர். 1990 இல் தேறியவர் தவணைக்காரர். படித்து நாளான மூத்தவருக்குத் தேர்வு இல்லை. அண்மையில் படித்த இளையவருக்குத் தேர்வு உண்டு! மறதி யாரை முதலில் அணுகும் என்று வாரியத்துக்குத் தெரியாதா? முன்னே கொடுத்த வாக்கை மீறலாகாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். மருத்துவருக்குக் கொடுத்த வாக்கு நினைவிருந்தது. நோயாளிக்கும் ஒரு வாக்கு உண்டென்பது நினைவில் நிற்கவில்லை.

இத்தகைய விலக்குக்கு அமெரிக்கர் இட்ட பெயர், “பாட்டனார் உரிமை.” அப்பெயரின் பிறப்பு கேட்டால் நெஞ்சு கொதிக்கும். உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பின மக்கள் வாக்குரிமை பெற்றனர். அதனைப் பறிக்க, தென் மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு வைத்தன. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளையரும் இருந்தனரே, அவர்களை என் செய்வது? 1898 இல் லூசியானா மாநிலம் வழி கண்டது. 1867 சனவரி முதல் நாளில் வாக்குரிமை பெற்றிருந்தவர்களின் மக்களுக்கும் பேரர்களுக்கும் தேர்விலிருந்து விலக்கு! அந்நாளில் அம்மாநிலத்தில் எந்தக் கறுப்பர் வாக்குரிமை பெற்றிருந்தார்? 1915 இல் ஓக்லஹோமா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இவ்வகை விதியைச் செல்லாதென்று அடித்தது. மருத்துவ வாரியத்தின் விலக்கும் அக்கொடுமையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தேர்வு நேர்மையானதா என்றறிய, அதில் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதாது. யாரைக் கேட்காமல் விடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பதை அவ்வரலாறு கற்பிக்கிறது.

மருத்துவக் கல்வியிலேயே இப்பாடம் உண்டு. 1910 இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவப் பள்ளிகளை ஆய்ந்து அறிக்கை தந்தார். ஆய்வுக்கூடம் இன்றி, நோயாளியைக் காட்டாமல், பணம் வாங்கிப் பட்டம் விற்ற பள்ளிகள் அவ்வறிக்கையால் ஒழிந்தன. அது பெருநன்மை. அதே அறிக்கை, கறுப்பின மாணவர்க்கென்று இருந்த ஏழு பள்ளிகளில் இரண்டே நிலைக்கத் தக்கவை என்றது. ஏனைய ஐந்தும் மூடுண்டன. அளவுகோலை உயர்த்தினார்கள், அதனை எட்டுவதற்கு ஏணி வைக்க மறந்தார்கள். தரம் வேண்டும் என்பதற்காகக் கதவை அடைத்தால், உள்ளே இருப்போர் தரம் உயரலாம். வெளியே நிற்போருக்கு மருத்துவரே இல்லாமற் போகும். தரமும் வேண்டும், வழியும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது அறமாகாது.

இனி, தேர்வு வைப்பவரை யார் தேர்வு செய்வது? 2014 இல் உள்மருத்துவ வாரியம், பத்தாண்டுக்கொரு தேர்வு போதாதென்று, இடைவிடாத பல கடமைகளைச் சுமத்திற்று. மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர். கட்டணம் மிகுதி, கேள்விகள் அன்றாடப் பணிக்குப் பொருந்தாதவை, நோயாளிக்குத் தர வேண்டிய நேரத்தைப் படிவங்கள் தின்கின்றன என்றனர். 2015 பிப்ரவரியில், வாரியத்தின் தலைவரே தவறு நேர்ந்ததென்று ஒப்பி, மன்னிப்புக் கேட்டு, சில கடமைகளை நிறுத்திவைத்தார். அவ்வாண்டே போட்டி வாரியம் ஒன்று தோன்றிற்று. 2018 இறுதியில் மருத்துவர் சிலர் வழக்குத் தொடுத்தனர். அது 2019 இலும், மேல்முறையீட்டில் 2021 இலும் தள்ளுபடியாயிற்று. 2022 முதல், மூன்று மாதத்துக்கு 30 கேள்விகள், நூலைப் புரட்டிப் பார்த்தே விடை தரலாம் என்ற முறை வந்தது. 2023 இல், இதயத் துடிப்பு மருத்துவர் சங்கம் உள்ளிட்ட ஐந்து அமைப்புகள், இதய மருத்துவத்துக்கென்று தனி வாரியம் வேண்டும் என்று கோரின. 2025 பிப்ரவரியில் வாரியங்களின் கூட்டமைப்பு அதனை ஏற்க மறுத்துவிட்டது.

இவ்வழக்கில் இரு சாராருக்கும் நியாயம் உண்டு. தேர்வு வைப்பவரே கட்டணமும் வாங்கி, பயனையும் தாமே அளப்பாராயின் ஐயம் எழுவது இயல்பு. எம்மை நாங்களே அளந்துகொள்கிறோம் என்று மருத்துவர் சொல்வாராயின், அப்போதும் ஐயம் எழும். ஆனால் இத்தனை வாதத்திலும் ஒருவர் குரல் மட்டும் பெரிதாய்க் கேட்கவில்லை. அவர்தான் கண்மூடிப் படுத்திருப்பவர்! மருத்துவர் தம் நேரத்தைப் பற்றிப் பேசினார்; வாரியம் தன் தரத்தைப் பற்றிப் பேசிற்று; யாருடைய நெஞ்சின் பொருட்டு இவ்வளவும் எழுந்ததோ, அவருக்கு இருக்கை யார் போட்டார்?

2018 இல் நிகழ்ந்த இரண்டை இங்கே சேர்த்தெண்ண வேண்டும். கருவி பொருத்திய விவரத்தைப் பதிவேட்டில் எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை மெடிகேர் அவ்வாண்டு நீக்கிற்று. எந்தப் பதிவேடு 3.5 ஐயும் 5.8 ஐயும், ஐந்தில் ஒன்றையும் உலகுக்குக் காட்டிற்றோ, அதே பதிவேடு! நினைவைச் சோதிக்கும் தேர்வு தொடர்கிறது. செயலைக் காட்டிய கட்டாயம் போயிற்று. இது பின்னடைவே. ஆயின் அதே ஆணை, வருமுன் காக்கவென்று இக்கருவி பொருத்தப்படும் நோயாளிகளிடம், நன்மை தீமைகளை விளக்கி, அவர்களையும் உடன்வைத்து முடிவெடுக்கும் உரையாடல் ஒன்று முன்னதாக நடந்தாக வேண்டும் என்றும் விதித்தது. இது முன்னேற்றம்.

எனவே, நாம் கேட்பது இது: சான்று வேண்டும், அதில் நாளும் வேண்டும். மூத்தவர் இளையவர் என்று பாராமல் அது எல்லாரையும் ஒரே கோலால் அளக்க வேண்டும். நினைவில் உள்ளதை மட்டுமின்றிக் கை செய்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதனை வழங்குவோரின் வரவு செலவு வெளிச்சத்தில் இருக்க வேண்டும். எட்ட விரும்புவோருக்கு ஏணி இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும், நெஞ்சைத் தொடும் உரிமையைத் தாள் தந்துவிடாது. அந்த உரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதியையே அது தருகிறது. உரிமையைத் தர வல்லவர் ஒருவரே. அவர் படுக்கையில் இருக்கிறார்.

அவர் கேட்கட்டும். “ஐயா, இந்தச் சிகிச்சையை இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது? இப்போது செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும்?” இக்கேள்விகளைக் கேட்டு முகம் சுளிக்கும் மருத்துவர், சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டியிருந்தாலும், இன்னும் ஒரு தேர்வில் தேறாதவரே. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை சொல்பவரிடம் நெஞ்சை ஒப்படைக்கலாம்.